நடை மெஷினும் மீன்தொட்டியும்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பேங்க் வேலை, பட்டா வேலை, மதினி கேட்ட கிரைண்டர் எல்லாம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தன, அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தது ஒரு 11 நிமிடத்துக்காக. திருநெல்வேலியில் ஒரு பிசியோதெரபி சென்டரில், நடக்க வைக்கிற ரோபோ மெஷினில், என் அண்ணன் தொங்கிக்கொண்டிருந்த 11 நிமிடம்.

அண்ணன் தென்னை மரத்திலிருந்து விழுந்து 6 வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வேலூரில் 3 மாதம் இருந்து, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது, காலைத் தாங்குகிற காலிப்பர் சட்டம் மாட்டிக் கம்பியைப் பிடித்து நிற்பது என்று எல்லாம் கற்றுக்கொண்டு வந்தவன். காலிப்பர் இப்போது பரணில் கிடக்கிறது. மாட்டிவிட ஆள் வேண்டும், கழற்ற ஆள் வேண்டும், மதினி ஒருத்தி எத்தனைக்குத்தான் நிற்பாள்.

ஆனால் வாட்ஸாப்பில் வீடியோ வந்துகொண்டே இருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் காலில் இரும்புச் சட்டம் மாட்டி எழுந்து நடக்கிறார், பின்னால் பியானோ. அனுப்பிவிட்டு உடனே போன் போடுவான். "ஏல, இதெல்லாம் நீ இருக்கிற ஊர்லதான செய்யிறாங்க?"

அவன் கேட்பதில் தப்பில்லை. நான் இருப்பது ஜப்பானில் ட்சுகுபா. 'ஹால்' என்கிற ரோபோ உடுப்பு பிறந்தது இங்கேதான், ட்சுகுபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சாங்காய் யோஷியுகி உருவாக்கியது. காலை அசைக்க நினைக்கும்போது மூளையிலிருந்து வருகிற சிக்னல் தோலின் மேலே மிக லேசாகத் தெரியுமாம், அதைப் பிடித்து மோட்டார் காலைத் தூக்கிவிடும். 2015-இல் இங்கே மருத்துவக் கருவியாக அனுமதி கொடுத்தார்கள், 2016-இல் அரசு இன்சூரன்ஸில் சேர்த்தார்கள், அதுவும் தசையும் நரம்பும் மெல்ல மெல்லச் செயலிழக்கிற சில அரிய நோய்களுக்கு. சிக்னலே கீழே இறங்காதவனுக்கு அது என்னத்தைப் படிக்கும்? இதை அவனிடம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, "விசாரிக்கிறேன்" என்று 2 வருடம் ஓட்டினேன். சிக்னல் தேவைப்படாத வகையும் உண்டு. ரீவாக் என்பது உடம்பு முன்னே சாய்வதைப் பார்த்து அடி எடுத்து வைக்கும், இரண்டு கையிலும் ஊன்றுகோல் வேண்டும். அமெரிக்காவில் 2014-லேயே வீட்டில் பயன்படுத்த அனுமதி வாங்கிவிட்டது. அந்த வகைக்கு 2024-இல் அங்கே அரசு இன்சூரன்ஸான மெடிகேர் நிர்ணயித்த தொகை 91,000 டாலருக்கு மேல். அதை ரூபாயில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்புறம் ஒரு மாதம் வீடியோ வரவில்லை.

இத்தனைக்கும் ட்சுகுபாவில் 9 வருடமாக இருக்கிறேன், ரோபோ மாட்டிக்கொண்டு தெருவில் போகிற ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. பார்ப்பதெல்லாம் ஸ்டேஷன் ஊழியரைத்தான். சக்கர நாற்காலிக்காரர் வந்தால் ஒரு மடக்குப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே வருவார், ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் போடுவார், இறங்குகிற ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வார், அங்கே இன்னொருவர் இன்னொரு பலகையோடு அதே பெட்டிக்கு முன்னால் நிற்பார். தினமும் பார்க்கிற எனக்கு ஊருக்கு வந்தால் கண்ணில் படுவதெல்லாம் படிக்கட்டுதான். (மதினிக்கு இந்த ஜப்பான் பேச்சே ஆகாது. "ஆரம்பிச்சிட்டாரு" என்று எழுந்து போய்விடுவாள்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திருநெல்வேலியிலேயே நடை ரோபோ வந்திருக்கிறது என்று அண்ணனே கண்டுபிடித்து வைத்திருந்தான். காலை 8.30-க்கு அப்பாயின்ட்மென்ட். வாசலில் சாய்தளம் இருந்தது, சந்தோஷம், அதன் மேல் 3 பைக் நின்றது. செக்யூரிட்டி அண்ணாச்சி "இந்தா எடுத்துர்றேன்" என்று நல்ல மனசோடுதான் எடுத்தார், இருந்தாலும் சாவி இல்லாத ஒரு பைக்கை இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. உள்ளே பளபளவென்று டைல்ஸ், ஏசி, பெரிய மீன்தொட்டி.

மெஷின் உட்கார்ந்திருந்த இடத்தில் மூன்று படுக்கை போடலாம். டிரெட்மில், மேலே இடுப்புப் பட்டையைத் தொங்கவிடுகிற சட்டம், இரண்டு பக்கமும் காலோடு சேர்த்துக் கட்டுகிற மோட்டார் கால்கள், முன்னால் திரை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. கட்டிவிட்டு முடிக்கவே 20 நிமிடம். அந்தத் தெரபிஸ்ட் பெண்ணுக்கு 25 வயது இருக்கும், எதையும் மறைக்கவில்லை. "அண்ணாச்சி, இதுல நடந்தா வெளிய நடந்துருவோம்னு நினைச்சிராதீங்க. உங்களுக்கு இது எலும்புக்கு, ரத்த ஓட்டத்துக்கு, கால் விறைப்பு குறைய, அவ்வளவுதான்." நான் 2 வருடம் சொல்லாததை அவள் 2 நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டான். "தெரியும்மா. நீ போடு."

8.50-க்கு ஓட ஆரம்பித்தது. 9 மணிக்குக் கரண்ட் போனது.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மதியம் 2 வரை, முந்தின நாள் பேப்பரில் ஏரியா பெயரோடு போட்டிருந்தார்கள். சின்ன வயதில் அந்தப் பெட்டிச் செய்தியைப் பார்த்துத்தான் அம்மா மாவாட்டுவாள், மோட்டார் போடுவாள், எல்லா வீட்டிலும் அப்படித்தான். அப்பாயின்ட்மென்ட் போடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது. ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள், அதுவும் உடனே ஓடியது. லைட் வந்தது, ஃபேன் வந்தது, மீன்தொட்டியில் குமிழ் வந்தது. மெஷின் மட்டும் வரவில்லை. அது அந்த லைனில் இல்லையாம், லோடு தாங்காதாம்.

அண்ணன் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, அப்படியே நிற்கிறான். கீழே இறக்குகிற தூக்கியும் கரண்டில்தான் ஓடும். கையால் சுற்றி இறக்க ஒரு கைப்பிடி உண்டு, அது பீரோவில், பீரோ சாவி ஒருவரிடம், அந்த ஒருவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

நான் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ரிசப்ஷனில் போய், மீனுக்கு லைன் இருக்கு, மனுஷனுக்கு லைன் இல்லையா என்று கேட்டேன். "சார், தொட்டி பெரிய டாக்டரோடது சார்" என்று பதில் வந்தது. நாமே தூக்கிக் கழற்றிவிடலாம் என்று நான் கையை வைத்தபோது அந்தப் பெண் தடுத்தாள். உணர்வில்லாத இடத்தில் பட்டை உரசித் தோல் கிழிந்தால் அவனுக்குத் தெரியாது, புண்ணாகி மாதக்கணக்கில் படுக்கப் போட்டுவிடும் என்றாள். இரண்டு காலையும் கையாலேயே மெல்ல ஒன்று சேர்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டாள். இப்படி வெகுநேரம் நின்றால் இவர்களுக்கு அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுமாம்.

நான் அவனுக்கு முன்னால் போய் நின்றேன், விழுந்தால் பிடிக்க. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏல, நீ என்ன இவ்ளோ குட்டையா இருக்க?"

அவன் என்னைவிட 3 விரல்கடை உயரம். சின்னதிலிருந்தே அப்படித்தான், அவன் சட்டை எனக்கு எப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும். ஒவ்வொரு லீவிலும் நான் குனிந்து குனிந்து பேசி, அது எனக்கு மறந்தே போயிருந்தது. மதினி ஓரமாக நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். அவள் அவன் தோளுக்கு வந்தாள்.

9.11-க்கு சாவி வந்தது. டீ குடிக்கப் போனவர் ரொம்பவும் வருத்தப்பட்டார்.

பில்லில் முழு செஷன் போட்டிருந்தார்கள். நான் மறுபடி ஆரம்பித்தேன், பாதிப் பணம் திரும்பி வந்தது, அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். திரை அணைந்ததில் எத்தனை அடி என்ற கணக்கும் போய்விட்டது என்றாள் அந்தப் பெண். "நானூத்திப் பன்னெண்டு," என்றான் இவன், எண்ணிக்கொண்டே நடந்திருக்கிறான்.

கார் வருகிற வரை ஐஐடி மெட்ராஸ் ஆட்கள் செய்த நியோபோல்ட் பற்றிச் சொன்னேன். சக்கர நாற்காலிக்கு முன்னால் மாட்டினால் பேட்டரி வண்டி ஆகிவிடும், மணிக்கு 25 கிலோமீட்டர் போகும், தோப்புக்கே போய் வரலாம், இந்த மெஷினுக்கு மாதாமாதம் கட்டுகிற காசை அதில் போடு என்றேன். வாங்கித் தா என்றான். இதையும் விடமாட்டேன் என்றான்.

"நடக்கிறது என்னல நடக்கிறது, அது இழுக்குது, நான் போறேன். கரண்ட் போனப்பதான் நல்லா இருந்துச்சு."

வண்டிக்குப் பணம் கட்டிவிட்டேன். அவனுக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் 14-ஆம் தேதி. முந்தின நாள் பேப்பரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி மதினியிடம் சொல்லியிருக்கிறேன், அவன் பார்க்க வேண்டாம் என்கிறானாம்.