காதல் நகைச்சுவைக்கு எந்தக் காயம்: தோளா, முழங்காலா?

வடசென்னையில் நடக்கும் ஒரு காதல் நகைச்சுவைப் படத்துக்குக் கதை யோசிப்போம். காயம்பட்ட வீரன், அவனைத் தேற்றும் பிசியோதெரபிஸ்ட். நாயகன் ராயபுரத்துக் குத்துச்சண்டைக்காரன் என்றால் தோள் மூட்டு நழுவும். பெரும்பாலும் சில மாதங்களில் மேடையேறிவிடுவான். காதல் வளர அது போதாது.

வியாசர்பாடி கால்பந்து வீரனைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற தசைநார் (லிகமென்ட்) கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தால், களம் திரும்பப் பொதுவாக 9 மாதமாவது ஆகும். முதலில் காலை முழுசாக நீட்டவே பெரும்பாடு. அப்புறம் நடை, ஓட்டம், கடைசியில்தான் பந்து. ஒவ்வொரு கட்டத்திலும் “எப்போ மேடம் ஆடலாம்?” என்று அவன் கெஞ்சுவான். “இன்னும் பத்து தடவை மடக்குங்க” என்பாள் அவள். சிரிப்பும் நெருக்கமும் அங்கேதான் பிறக்கும். ஒன்று மட்டும் முக்கியம்: காதலைச் சொல்லும் முன் அவன் சிகிச்சையை அவள் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.