மதர்போட் மாத்தக் குடுத்தேன், டிஸ்க்கையே அழிச்சுத் தந்தாங்கள். திருகோணமலை ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ

42,500 ரூபா. நேற்றுப் பின்னேரம்தான் முழு விஷயமும் விளங்கினது, இரவு முழுக்க நித்திரை இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் உவர்மலையில வீட்டில இருந்து டைப்செட்டிங் செய்யிறன். கல்யாணக் காட், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கூடுதலாக 31ஆம் நாள் கல்வெட்டு, அதாவது செத்தவையின்ர நினைவாக அடிக்கிற புத்தகம். எட்டு வருஷ வேலை ஒரே கொம்பியூட்டருக்குள்ள. கடைப் பெயரை எழுதேல்ல. நகரத்துக்குள்ள கொம்பியூட்டர் வித்து, ரிப்பேரும் செய்யிற கடை, அவ்வளவுதான். நீங்கள் என்னென்ன கவனிக்க வேணும் எண்டதைக் கடைசியில விபரமாக எழுதுறன்.

மூண்டு கிழமைக்கு முதல் இடி மழை. பிளக்கைக் கழற்ற ஓடுறதுக்குள்ள ஒரு மின்னல் வெட்டு, அதோட கொம்பியூட்டர் செத்துப்போச்சு. கடையில பார்த்து மதர்போட் மட்டும்தான் போயிருக்கு, ரேமும் ப்ரொசெசரும் டிஸ்க்கும் பிழையில்லை எண்டு அவங்களே சொன்னாங்கள். இதை ஞாபகம் வச்சிருங்கோ. டிஸ்க் பிழையில்லை எண்டு முதல் நாள் சொன்னது அவங்கள்தான். என்ர ப்ரொசெசர் பழைய ஆறாம் தலைமுறை ஐ3. அதுக்கு ஏத்த போட் இப்ப வாறது குறைவு, "எங்களிட்ட ஒண்டு இருக்கு அக்கா, புதுசு, 24,000" எண்டாங்கள்.

நான் உடன சரி எண்டு சொல்லேல்ல. "தம்பி, போட் எனக்குப் பெரிசில்லை, உள்ளுக்கு இருக்கிற ஃபைல்தான் பெரிசு. சாம்பல்தீவுக் குடும்பமொண்டின்ர கல்வெட்டு பாதியில நிக்குது. 48 பக்கம். பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி எல்லாம் அடிச்சாச்சு. காலமான அம்மாவின்ர சின்ன வயசுப் படங்களை ஸ்கான் பண்ணின அல்பத்தை மகன் கனடாவுக்குக் கொண்டு போயிட்டார்" எண்டு நிண்டு சொன்னேன். கடைக்காரத் தம்பி பிளேன்ரீ வரவழைச்சுத் தந்தான். கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினான். "அக்கா, போட் மாத்துறதுக்கும் ஃபைலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒண்டும் போகாது, நான் பொறுப்பு" எண்டான். "அதை பில்லில ஒரு வரி எழுதித் தாங்கோவன்" எண்டு கேட்டேன். முகம் சுருங்கிப்போச்சு. "என்னக்கா, எங்களில நம்பிக்கை இல்லையோ?" அந்த ஒரு கேள்வியில எனக்கு வெக்கமாப் போச்சு. பேனையைத் திருப்பி மேசையில வச்சுட்டு 24,000ஐ எண்ணிக் குடுத்தேன்.

ரெண்டு நாளால போன். "விண்டோஸ் ஏறுதில்லை அக்கா, உங்கட டிஸ்க்கும் இடியில அடிபட்டிருக்கு." ஓட்டோ பிடிச்சு ஓடினேன். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து, "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்". போனில படம் எடுத்து வச்சேன். "பாத்துட்டு எடுக்கிறம், நீங்கள் போங்கோ" எண்டாங்கள். அடுத்த நாள் போனால் புது விண்டோஸ் ஓடுது. டெஸ்க்டொப் துடைச்ச மாதிரி வெறுமை. டி டிரைவே இல்லை. ஒரு வார்த்தை கேக்காமல் ஃபோமற் அடிச்சுட்டு, அதுக்கும் 3,500 எண்டு பில். நான் அழத் தொடங்கினதும், "ரிக்கவரி பண்ணலாம், கொழும்புக்கு அனுப்பவேணும், முற்பணம் 15,000" எண்டான். அந்த நேரத்தில 50,000 கேட்டிருந்தாலும் கடன்பட்டுக் குடுத்திருப்பேன். 24,000, 3,500, 15,000. கூட்டிப் பாருங்கோ, 42,500.

அதுக்குப் பிறகு நடந்தது முழுக்க அலைச்சல். நாளைக்கு வாங்கோ. திங்கள் வாங்கோ. பாசல் வரேல்ல. முதலாளி மட்டக்களப்புக்குப் போயிட்டார். போன் அடிச்சால் எடுக்கிறதில்லை, மகளின்ர நம்பரில இருந்து அடிச்சால் உடன எடுத்து, என்ர குரல் கேட்டதும் கட். பத்தாம் நாள் டிஸ்க்கைப் பேப்பரில சுத்தித் தந்து, "ஏலாதாம் அக்கா". முற்பணம்? "அது செக் பண்ணின காசு." பில்? "அதுக்கு பில் போடுறேல்ல." கவுண்டரில நிண்ட பொடியன் என்ர முகத்தைப் பாக்காமல் சொன்னான்.

நேற்று அண்ணான்ர மகன் வந்தான், கம்பஸில படிக்கிறவன். போனில இருந்த படத்தைப் பாத்ததும், "மாமி, இது டிஸ்க் பழுதெண்டு சொல்லுற மெசேஜ் இல்லை, எதில இருந்து தொடங்கிறதெண்டு போட்டுக்குத் தெரியேல்ல, அவ்வளவுதான்" எண்டான். அலுமாரிக்குள்ள கிடந்த என்ர பழைய டிஸ்க்கை எடுத்தான். அதிலயும் விண்டோஸ் 10 இருக்கு, அதே காலத்தில போட்டது. கொழுவினான். அதே கறுப்புத் திரை, அதே எழுத்து. பயோஸுக்குள்ள, அதுதான் போட்டின்ர செட்டிங் பக்கத்துக்குள்ள போய், சிஎஸ்எம் எண்டு பழைய முறையை அனுமதிக்கிற ஒரு இடம், அதை ஓன் பண்ணி, லெகசி எண்டு மாத்தி, சேவ் பண்ணினான். விண்டோஸ் அடையாளம் வந்து, "கெற்றிங் டிவைசஸ் ரெடி", பத்து வீதம், முப்பது வீதம், பிறகு என்ர பழைய டெஸ்க்டொப். ஐஞ்சு நிமிஷம் ஆகேல்ல. மகள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

என்ர விண்டோஸ் பழைய லெகசி முறையில, எம்பிஆர் எண்ட பழைய அமைப்பில பிரிச்ச டிஸ்க்கில போட்டது. இந்த போட் யூஈஎஃப்ஐ எண்ட புது முறையில மட்டும் தேடினபடியால்தான் ஏறேல்ல. அந்த முறையில புது விண்டோஸ் போட வெளிக்கிட்டால் எம்பிஆர் டிஸ்க்கை அது ஏற்காது, ஜிபிடி எண்ட புது அமைப்பைக் கேக்கும். அதுக்காகத்தான் டிஸ்க்கைப் பிரிச்சு வச்ச எல்லாப் பார்ட்டிஷனையும் அழிச்சிருக்கிறாங்கள், டி டிரைவையும் சேத்து. டிஸ்க்கைச் சோதிச்சும் பாத்தான், ஒரு பழுதும் இல்லை.

இன்னும் ஒண்டு. போட்டைக் கழற்றிப் பாத்தால், ஓரத்தில பாதி கிழிஞ்ச வொறன்ரி ஸ்ரிக்கர், பேனையால எழுதின 2021. ஆணி போடுற ஓட்டையைச் சுத்தி முந்தியே முறுக்கின வட்டத் தழும்பு. புதுசெண்டு 24,000 வாங்கினது பாவிச்ச போட்.

மருமகன் ரிக்கவரி சொஃப்ற்வெயார் ஓட விட்டிருக்கிறான். பேர் இல்லாத கொஞ்சப் படங்கள் வந்திருக்கு, நான் டிசைன் செய்யிற கோரல் சொஃப்ற்வெயாரின்ர ஃபைல் ஒண்டும் திறக்குதில்லை. அந்த அம்மாவின்ர படங்கள் இன்னும் கிடைக்கேல்ல. கனடாவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல.

விபரமா எழுதுறனெண்டு சொன்னேன், இப்ப ஏலாமல் கிடக்கு. இதை மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ. போட் மாத்தக் குடுக்கேக்க டிஸ்க்கைக் கழற்றி வீட்டில வச்சிட்டுக் குடுங்கோ. திரும்பி வந்து ஏறாட்டி முதல்ல லெகசியோ யூஈஎஃப்ஐயோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. நீலத் திரையில "இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" எண்டு வந்தால் பயோஸில டிஸ்க் வேலை செய்யிற முறை, ஏஎச்சிஐ, ரெய்ட் எண்டது, மாறியிருக்கோ எண்டு பாக்க வேணுமாம். யூஈஎஃப்ஐயில போட்ட விண்டோஸ் எண்டால் எங்க இருந்து தொடங்கிறதெண்ட பூட் விபரம் பழைய போட்டோடயே போயிடுமாம், பென் டிரைவில இருந்து கொம்பியூட்டரைத் தொடங்கி அதை பிசிடிபூட் எண்ட விண்டோஸ் கட்டளையால திரும்ப எழுதலாமாம். ஒண்டுக்கும் ஃபோமற் தேவையில்லை. புது லப்டொப் வச்சிருக்கிற ஆக்கள் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கரின்ர 48 இலக்கத் திறப்பை இண்டைக்கே எழுதி வையுங்கோ, போட் மாறினால் அது கேக்கும். பில்லில பாவிச்சதோ புதுசோ எண்டு எழுத வையுங்கோ, முகம் சுருங்கினாலும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின்ர 1977க்கு அடிக்கப் போறன், எழுத்திலயும் குடுக்கப் போறன். ரெண்டு பில், போன் படம், ஸ்ரிக்கரோட போட், எல்லாம் ஒரு பைக்குள்ள வச்சாச்சு. அந்தக் கடையில இதே மாதிரி அகப்பட்ட ஆக்கள் இருந்தால் இன்பொக்ஸில வாங்கோ, சேர்ந்து போவம். 42,500 ரூபா, ஒரு சதம் விடமாட்டேன்.