எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வரும்போது: சேலத்து அடுப்பும் ஏற்காட்டு அடுப்பும்

சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்போது, இருக்கும் எரிவாயுவைச் சிக்கனமாக எரிப்பதா, இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவதா, விறகை நாடுவதா என்ற கேள்வி எழுகிறது. நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். அக்கா வீடு ஏற்காட்டில். இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்றாலும், இரண்டு வீடுகளுக்கும் ஒரே விடை பொருந்தவில்லை.

14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பம் இருக்கிறது. நல்ல கேஸ் அடுப்பிலும் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்தைச் சேரும்; இண்டக்‌ஷனில் 85 விழுக்காடு வரை சேர்வதால், ஒரு சிலிண்டரின் வேலைக்குச் சுமார் 140 யூனிட் போதும். சிலிண்டர் இரண்டு மாதம் வருகிற குடும்பம் முழுவதும் மாறினால், இரு மாதக் கணக்கில் 300 யூனிட் ஓடிய வீடு 440-இல் நிற்கும். 400 ஓடிய வீடோ 540-ஐ எட்டி, 500-ஐத் தாண்டியவர்களுக்கான கூடுதல் கட்டணத்துக்குள் போய்விடும். அதனால் அடுப்பு வாங்கும் முன் பழைய மின்கட்டண ரசீதுகளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் பல, நிக்கல் கலந்த எஃகு என்பதால் காந்தத்தில் ஒட்டுவதில்லை; அடியில் காந்தம் ஒட்டாத எதையும் இண்டக்‌ஷன் ஏற்காது. சாதாரண அலுமினியக் குக்கர், ஈயச் சொம்பு, மண்சட்டி ஆகியவற்றுக்கும் இதே கதிதான். இரும்புத் தோசைக்கல்லை அது ஏற்றாலும் நடுப்பகுதி மட்டும் அதிகம் காய்வதால், தோசையை நான் கேஸுக்கே விட்டுவிட்டேன்.

ஏற்காட்டில் நிலைமை வேறு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக நெடுநேரம் ஆகிறது. குக்கரில் வெயிட் போட்டால் வெப்பம் 118 டிகிரியை நெருங்குகிறது. சமவெளியில் கிடைக்கும் 120-க்கு இது பெரிதும் குறைந்ததன்று. எனவே மலையில் குக்கரே முதல் சிக்கனம்: கடலையை இரவே ஊறவைத்து, முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்து, அடுப்பை அணைத்தபின் ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் விட வேண்டும். மழைக்காலத்தில் கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்தால் சமையலே நின்றுவிடும் என்பதால், அங்கே இண்டக்‌ஷனை மட்டும் நம்ப இயலாது.

விறகைப் பொறுத்தவரை, சமையலறைக்குள் அதைக் கொண்டுவருவதை நான் ஏற்கவே மாட்டேன். திறந்த மூன்றுகல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு வெப்பத்துக்குச் சற்று மேல்தான் பயன்படுகிறது. மீதி வீணாகிறது; புகையோ சமைப்பவரின் நெஞ்சுக்குள் போகிறது. மூடுபனிக் காலத்து ஈர விறகென்றால் இன்னும் மோசம்.

ஆனால் குளிக்கும் வெந்நீரின் கணக்கு வேறு. 15 லிட்டர் நீரை 18 டிகிரியிலிருந்து 45-க்கு ஏற்ற ஏறக்குறைய 55 கிராம் எரிவாயு செலவாகும். நால்வர் ஒரு மாதம் குளித்தால் ஆறரைக் கிலோ, அதாவது அரை சிலிண்டருக்குச் சற்றே குறைவு. காப்பித் தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகளும் சில்வர் ஓக் சுள்ளிகளும் எளிதில் கிடைக்கிற அக்கா வீட்டில், இப்போது கொல்லைப்புறத்து அடுப்பில்தான் வெந்நீர் காய்கிறது. கேஸ் முழுவதும் சமையலுக்கு மிஞ்சுகிறது. என் வீட்டில் சோறு, பால், காப்பிக்கான வெந்நீர் மூன்றும் இண்டக்‌ஷனுக்குப் போய்விட்டன. தாளிப்பும் தோசையும் மட்டும் கேஸில் நடக்கின்றன.