"எல்லாம் ஒண்ணாத்தான் வளரும் சார்": வண்ணமீன் வாங்குவோர் கவனத்திற்கு

வண்ணமீன் என்றாலே சென்னையில் பலருக்கும் கொளத்தூர்தான் நினைவுக்கு வரும். பெரம்பூர், வில்லிவாக்கம், மாதவரம் என வடசென்னையின் பல பகுதிகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கு செல்கிறார்கள். நேர்மையாக வியாபாரம் செய்பவர்கள் அங்கு நிறையவே இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் அங்குள்ள ஒரு கடையில் எனக்கு நேர்ந்தது வேறு ஒருவருக்கும் நேரக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது இரண்டடி நீளத் தொட்டி. சுமார் 55 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதில் ஏற்கெனவே நியான் டெட்ரா மீன்கள் இருந்தன. தொட்டியின் அளவையும் உள்ளே இருக்கும் மீன்களையும் தெளிவாகச் சொல்லி, இவற்றோடு சண்டையிடாமல் வாழக்கூடியவை எவை என்றுதான் கேட்டேன். கடைக்காரர் சற்றும் யோசிக்காமல் ஒரு ஜோடி ஏஞ்சல், சில டைகர் பார்ப், இரண்டு கோல்டு ஃபிஷ், இரண்டு ஆஸ்கர் குஞ்சுகள், "பாசியெல்லாம் இதுவே தின்னுடும்" என்று ஒரு சக்கர் மீன் ஆகியவற்றைப் பையில் பிடித்துக் காற்றடைத்துக் கொடுத்தார். சந்தேகம் கேட்டபோது, "எல்லாம் ஒண்ணாத்தான் வளரும் சார், நீங்களே பாருங்க" என்று தம் கடையின் ஒரு தொட்டியைக் காட்டினார். அதில் உண்மையிலேயே எல்லா இனங்களும் கலந்துதான் நீந்தின. ஆனால் அவை அனைத்தும் குஞ்சுகள். ஒன்றின் வாயில் மற்றொன்று நுழையாத பருவத்தில் எந்த மீனும் சாதுவாகத்தான் தெரியும். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான்.

முதலில் அடிபட்டவை ஏஞ்சல் மீன்கள். அவற்றின் அடிவயிற்றிலிருந்து நூல் போல நீண்டு தொங்கும் இரண்டு துடுப்புகளையும் டைகர் பார்ப்கள் நாளுக்கு நாள் கடித்துக் குறைத்து, கடைசியில் வெறும் முளைகளாக்கிவிட்டன. நீண்ட துடுப்புள்ள எந்த மீனோடும் டைகர் பார்ப் சேராது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குப் பாலபாடம். பிறகு கோல்டு ஃபிஷ் ஒன்றின் பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் செதில்கள் உரிந்து சிவந்திருந்தன. இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது சக்கர் மீன் அதன் உடலில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆஸ்கர்கள் வளர வளர நியான்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு காலையில், ஆஸ்கரின் வாயோரத்தில் ஒரு நியானின் வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்ததை என் மகள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் தொட்டி இருக்கும் பக்கமே போவதில்லை.

துடுப்பு அறுந்த மீன்களின் படங்களோடு கடைக்குச் சென்றபோது கிடைத்த பதில், "உங்க தண்ணி சரியில்ல" என்பதுதான். கூடவே ஒரு நீல மருந்தும், பாக்டீரியா திரவம் என்று ஒரு புட்டியும் என் தலையில் கட்டப் பார்த்தார். தண்ணீர் கெட்டால் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சுவாங்கும். துடுப்பு அழுகினால் ஓரம் வெளுத்து நைந்துபோகும். கத்தரித்தாற்போல அறுந்திருப்பது கடி. இதைச் சொன்னதும், உயிருள்ள மீனுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பில் கேட்டதற்கும் சிரிப்புதான் பதில்.

ஆகவே மீன் வாங்கும்போது, அது இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல், முழு வளர்ச்சியில் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். ஆஸ்கர் 30 சென்டிமீட்டர் வரை வளரும்; அதற்கு என் தொட்டியைப் போல நான்கைந்து மடங்கு பெரிய தொட்டி வேண்டும். சக்கர் மீனும் 30 சென்டிமீட்டரைத் தாண்டும், மற்ற மீன்களைவிடக் கூடுதலாகவே கழிவும் போடும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீரை விரும்புவது. ஏஞ்சலுக்கும் ஆஸ்கருக்கும் 25 டிகிரிக்கு மேல் வேண்டும். இவற்றை ஒரே தொட்டியில் விற்பவருக்கு ஒன்று தொழில் தெரியாது, அல்லது செத்தால் மறுபடியும் நம்மிடம்தான் வருவார்கள் என்ற கணக்கு நன்றாகவே தெரியும். நான் சந்தித்தவர் இரண்டாவது வகை என்றே கருதுகிறேன்.

இரண்டடித் தொட்டிக்கு, நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீராக இருப்பதால், கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை சிக்கலின்றி ஒத்துப்போகும். ஆண் ஃபைட்டரை மட்டும் அவற்றோடு விடாதீர்கள். கப்பியின் நீண்ட வாலைப் பார்த்தாலே அது பாயும்.

ஆஸ்கர்களையும் சக்கரையும் விற்ற கடை திரும்ப எடுக்க மறுத்துவிட்டது. அதே பகுதியில் வேறொரு கடைக்காரர் காசு எதுவும் கொடுக்காமல், கேட்காமல், வாங்கித் தம் பெரிய தொட்டியில் விட்டுக்கொண்டார். உங்களுக்கு இந்நிலை வந்தால் அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ரெட்டேரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் சக்கர் மீன் பெருகி, வலை போடுபவர்களுக்குத் தொல்லையாகியிருப்பது இப்படி விடப்பட்ட மீன்களால்தான்.