ஆன்லைன் கோர்ஸ் முதல் வாரம்: மீட்டிங்கா, வீடியோவா, வாட்ஸ்அப் குரூப்பா, லேப்ல உக்கார வைக்கறதா?

ஜூலைல என்பிடெல் கோர்ஸ் (ஐஐடி மாதிரி பெரிய காலேஜ் வாத்தியாருங்க நடத்தற ஆன்லைன் கோர்ஸ்) ஆரம்பிக்கற நேரம் வந்தா எங்க டிபார்ட்மென்ட்ல ஒரே பேச்சுதான், பசங்களுக்கு ஓரியண்டேஷன் எப்படி குடுக்கறது, போன தடவை மாதிரி கூகுள் மீட் போட்டுடலாமா இல்ல பழைய வீடியோவையே அனுப்பிடலாமான்னு. நான் சில வருஷமா மென்ட்டரா இருக்கேன், நாலு வழியும் செஞ்சு பாத்துட்டேன். அதனால எது எங்க உதவுது, எங்க கைவிடுதுன்னு எழுதறேன்.

முதல்ல பசங்க எங்க தடுக்கி விழறாங்கன்னு பாருங்க. பாடத்துல இல்ல. இந்தக் கோர்ஸெல்லாம் இருக்கற ஸ்வயம்ங்கற அரசாங்க வெப்சைட்ல சேர்றது ஃப்ரீ, ஆனா பரீட்சைக்கு தனியா ரெஜிஸ்டர் பண்ணி 1000 ரூபா கட்டணும், இது ரெண்டும் வேற வேறன்னு நிறைய பேருக்கு தெரியறதே இல்ல, "நான் அப்பவே சேந்துட்டேனே மேம்"னு கடைசி தேதி போனப்புறம் வந்து நிப்பாங்க. கோர்ஸ்ல சேந்த அதே மெயில் ஐடிலதான் பரீட்சைக்கும் ரெஜிஸ்டர் பண்ணணும். அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75, சர்டிஃபிகேட் வேணும்னா 25க்கு 10, 75க்கு 30 ரெண்டுமே எடுத்தாகணும், ஒண்ணுல நல்லா எடுத்து இன்னொண்ணுல விட்டா கிடையாது. 12 வாரக் கோர்ஸ்னா பெஸ்ட் 8 அசைன்மென்ட் மட்டும்தான் கணக்கு, ஸோ ஒரு வாரம் விட்டுப்போச்சேன்னு மொத்தமா விட்டுட வேண்டியதில்ல. இதெல்லாம் அவங்க மண்டைல ஏறணும், அதுக்குத்தான் ஓரியண்டேஷன்.

கூகுள் மீட் எல்லாருக்கும் ஈஸியா தோணும். சாயங்காலம் ஏழு மணிக்கு வெச்சா பாதி பேர் அப்பதான் பஸ்ல இருந்து இறங்கறாங்க, "சவுண்ட் கேக்குதா, ஸ்க்ரீன் தெரியுதா"ல பத்து நிமிஷம் போயிடும், ஃப்ரீ அக்கவுன்ட்னா 60 நிமிஷத்துல மீட்டிங் கட் ஆயிடும். டவுட் இருக்கான்னு கேட்டா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க, அறுபது பேர் முன்னாடி "மேம், லாகின்னா என்ன"ன்னு எந்தப் புள்ள கேக்கும்? முடிச்சு பத்தாவது நிமிஷம் தனித்தனியா போன் வரும். ஆனா ஒண்ணு சொல்லணும், நம்ம குரலைக் கேட்டா பசங்களுக்கு ஒரு தைரியம் வருது, ஏதாவது ஆச்சுன்னா இந்த மேம் இருக்காங்கன்னு. அது வீடியோல வராது.

வீடியோவோட பிரச்சனை எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. ஆறு நிமிஷத்துல எல்லாத்தையும் ஸ்க்ரீன்ல காட்டி அழகா பண்ணியிருந்தேன், நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கலாம், பத்து தடவை வேணும்னாலும் ஓட்டிக்கலாம், நெட் கம்மியா இருந்தாலும் பரவால்ல. அப்புறம் பாத்தா நிறைய பசங்ககிட்ட இருக்கறது ஒரே போன். வீடியோ ஓடறதும் அதுலதான், ரெஜிஸ்டர் பண்ண வேண்டியதும் அதுலதான், இங்க பாத்துட்டு அங்க போனா மறந்துடுது, திரும்பி வந்தா வீடியோ முதல்ல இருந்து. பட்டன் இருக்கற இடம் வேற அப்பப்ப மாறிடும், போன வருஷ வீடியோவைப் பாத்துட்டு இல்லாத பட்டனைத் தேடுவாங்க. இதுக்கு ஒரு பக்கத்துல ஆறு ஸ்க்ரீன்ஷாட், அம்புக்குறி போட்டு, பிரின்ட் எடுத்துக் குடுத்தது எவ்வளவோ மேல். பேப்பர் கைல, போன் இன்னொரு கைல.

வாட்ஸ்அப் குரூப் ஞாபகப்படுத்த நல்லது, புதன் ராத்திரி 11:59க்கு டெட்லைன்னா மத்தியானமே ஒரு மெசேஜ் தட்டிவிடலாம். ஓரியண்டேஷனுக்கு ஆகாது. நீங்க போட்ட முக்கியமான மெசேஜ் நாப்பது "தேங்க்யூ மேம்"க்கு அடில போயிடும்.

நாலாவதுதான் என் கட்சி. லேப்ல முப்பது முப்பது பேரா உக்கார வெச்சு, நான் பேசாம, அவங்களே லாகின் பண்ணி ஜீரோ வார அசைன்மென்ட்டை சப்மிட் பண்றது. அதுக்கு மார்க் கிடையாது, பழகறதுக்குத்தான் குடுத்திருக்காங்க, பெரும்பாலான காலேஜ்ல அதை யாரும் கண்டுக்கறதே இல்ல. நான் ஒரு படி மேல போய், ஒரு பதிலை வேணும்னே தப்பா போட்டு சப்மிட் பண்ணச் சொல்லுவேன், அப்புறம் மாத்தி மறுபடி சப்மிட். டெட்லைன் வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம், கடைசியா போட்டதுதான் கணக்குன்னு நான் வாயால பத்து தடவை சொல்லியும் ஏறாதது அவங்க கை ஒரு தடவை செஞ்சதும் ஏறிடுது.

இப்படி உக்காந்தப்பதான் ஒரு செகண்ட் இயர் பொண்ணு பக்கத்துல போய் நின்னேன். முந்தின நாள் மீட்ல "புரிஞ்சுதா"ன்னு கேட்டப்ப எஸ் மேம்னு போட்ட பொண்ணு. ஸ்க்ரீன்ல பேரு வேற மாதிரி இருந்துச்சு. "யாரு கண்ணு இது?" "எங்க அண்ணன் மேம், அவன் மெயில்லதான் சேந்தேன், எனக்கு மெயில் இல்ல." அண்ணன் திருப்பூர்ல வேலை, வர்ற ரிமைண்டர் எல்லாம் அவன் போனுக்குப் போகும். அங்கயே புதுசா மெயில் ஆரம்பிச்சு திரும்ப சேர வெச்சோம், இருபது நிமிஷம் ஆச்சு. மீட்லயும் வீடியோலயும் குரூப்லயும் இது எனக்குத் தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல.

சரி, லேப் கிடைக்கணுமே, டைம்டேபிள்ல ஒரு ஹவர் கேட்டு நடக்கணும், முப்பது பேர் ஒண்ணா லாகின் பண்ணா நெட் படுத்துடும், அதெல்லாம் உண்மைதான். ஆளுக்கொரு ஊர்ல இருக்கற கோர்ஸுக்கு லேப்புக்கு எங்க போறதுன்னும் கேப்பீங்க. ஐஐடி மெட்ராஸ் 2020ல ஆரம்பிச்ச ஆன்லைன் டேட்டா சயின்ஸ் டிகிரியைப் பாருங்க, சேர்றதுக்கு முன்னாடியே நாலு வாரம் நிஜப் பாடம், வாரா வாரம் அசைன்மென்ட், அப்புறம் சென்டருக்குப் போய் குவாலிஃபையர் எழுதணும். அது தேர்வுதான், ஆனா பாஸ் ஆகி உள்ள வர்ற பையனுக்கு வாரம் எப்படி ஓடும்னு யாரும் தனியா சொல்ல வேண்டாம். நீங்களே மூடுல் (Moodle) மாதிரி ஆன்லைன் கோர்ஸ் நடத்தற சாஃப்ட்வேர்ல கோர்ஸ் நடத்தறீங்கன்னா ஜீரோ வார க்விஸ் முடிச்சாத்தான் முதல் பாடம் திறக்கற மாதிரி செட் பண்ணிக்கலாம், ஆனா எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம்னு விட்டுடுங்க, இல்லேன்னா வாசல்லயே புள்ளைங்க திரும்பிப் போயிடும்.

அதனால இந்த ஜூலைக்கு நான் போட்டிருக்கற வரிசை இதுதான்: முதல்ல லேப், கூடவே அந்த ஒரு பக்க பேப்பர். குரூப் ஆரம்பிப்பேன், மெசேஜ் நான் மட்டும் போடற மாதிரி. கூகுள் மீட்டை முதல் டெட்லைன் முடிஞ்ச மறுநாளுக்கு தள்ளிட்டேன், அப்பதான் கேக்கறதுக்கு அவங்ககிட்டயே கேள்வி இருக்கும். டிப்ளமோ முடிச்சு லேட்ரல் என்ட்ரில நேரா செகண்ட் இயருக்கு வர்ற பசங்கதான் பாக்கி, அவங்க அட்மிஷன் முடிஞ்சு வரும்போது நாங்க லேப் எல்லாம் முடிச்சிருப்போம், அவங்களுக்காக ஒரு சனிக்கிழமை லேப் திறந்து குடுங்கன்னு எச்ஓடி சார்கிட்ட கேட்டிருக்கேன்.