கோப்பி டோக்கனா, விக்டோரியா சதமா?

வெள்ளவத்தையில் கடலை ஒட்டின வீடு எங்களுடையது. செம்புக் காசு சேர்க்க இதைவிடப் பொல்லாத இடம் கிடையாது. விக்டோரியா ராணி காலத்து இலங்கைச் சதங்களில் தொடங்கிய நான் இப்போது பழைய கோப்பி டோக்கன் பக்கம், அதாவது கோப்பி மில்கள் கூலிக்குக் கொடுத்த, காசு மாதிரியான உலோக வில்லைகள் பக்கம் வந்துவிட்டேன்.

சதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1870 என்று பொறித்த கால், அரை, ஒன்று, ஐந்து சதங்கள். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் பனைமரமும் தமிழ் எழுத்தும். புறக்கோட்டையில் தேடினால் கிடைக்கும்.

டோக்கன் வேறு கதை. மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டியில் கொழும்பு மில்களுக்கு வந்த காலம் அது. பெண்கள் கொட்டை பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். கூலிக்கு டோக்கன் கொடுப்பார்கள். ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனம் கொம்பனித்தெரு வேகந்த மில்லின் பெயரோடு அடித்த டோக்கன் உண்டு. ‘19 சதம்’ என்று போட்டவையும் உண்டு. இதென்ன கணக்கு? 1872இல் பிரிட்டிஷ் பென்ஸ் போய் ரூபாய், சதம் வந்தது. ஒரு ரூபாய்க்கு 24 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் பழைய நாலரைப் பென்ஸ் 18.75 சதமாகிறது. அதைத்தான் 19 ஆக்கியிருக்க வேண்டும். ஒரு பெண்ணின் கூலிக் கணக்கு அப்படியே உள்ளங்கையில் இருக்கிறது.

ஆனால் என்னை மாற்றியது பராமரிப்புத்தான். உப்புக்காற்றில் செம்பு சும்மா இருக்காது. மழைக்காலம் முடிந்து அல்பத்தைத் திறந்தால் ராணியின் கழுத்தோரம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மெல்லிய பிவிசி உறை இன்னும் மோசம், காசில் பிசுபிசுவென்று ஒட்டும். என் மிக நல்ல ஐந்து சதத்தை அப்பம்மா பாவம், குத்துவிளக்கு என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டா. தகதகவென்று மின்னியது, சேகரிப்பவர் யாரும் தொடவில்லை. சதம் நிறையக் கிடைப்பதால் அதன் விலை முழுக்க முகத்தின் தெளிவில்தான் நிற்கிறது. முகம் போனால் எல்லாம் போச்சு.

டோக்கனில் எந்த மில் என்பதுதான் முதல் கேள்வி. தேய்ந்திருந்தாலும் பெயர் வாசிக்க முடிந்தால் மதிப்பு நிற்கும். அதற்காகத் தேய்க்கலாம் என்றில்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடின டப்பாவில், தனித்தனிக் காகித உறையில் வைக்கிறேன். அது போதுமாக இருக்கிறது.

சரி, விற்பனை? நான் இதுவரை ஒரேயொரு டோக்கன்தான் விற்றிருக்கிறேன், அதை வைத்துப் பெரிதாகச் சொல்ல முடியாது. வாங்க ஆள் கிடைக்கப் பல மாதம் ஆனது. வந்தவர் கறுத்துப்போன பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மில்லின் பெயரைத்தான் எழுத்தெழுத்தாக வாசித்தார்.