குழந்தைப் படங்கள் குடும்பத்துக்குள் நிற்குமா? வாட்ஸ்அப், கூகுள் போட்டோஸ், என்டே: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பேரக்குழந்தையின் படம் தாத்தா பாட்டிக்கும் வெளியூர்ச் சொந்தங்களுக்கும் போய்ச் சேர வேண்டும், ஆனால் ஊர் சுற்றக் கூடாது. இந்த ஒரு வேலைக்கு வாட்ஸ்அப், கூகுள் போட்டோஸ், படங்களைக் குறியாக்கம் செய்து சேமிக்கும் என்டே ஆகிய மூன்று ஆப்களையும் வருடக்கணக்கில் புழங்கினால் ஒன்று புரிந்துவிடும்: ஹேக்கர் வருவதற்குள் பெரியப்பா ஸ்டேட்டஸ் வைத்துவிடுவார். அதனால் பூட்டு எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, கையை விட்டுப் போகும் பிரதி எது என்று பார்ப்பதே பலன் தருகிறது. வீட்டுப் பிரதி முழு அளவில், எல்லாத் தகவலோடும் இருக்கட்டும். வெளிப் பிரதி சிறியதாக, இடக்குறிப்பு இல்லாமல், தேவையானால் முகம் மறைத்து.

வாட்ஸ்அப்பில் ஹெச்டி தேர்வு செய்யாமல் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கும். ஜிபிஎஸ் உள்ளிட்ட எக்ஸிஃப் தகவலும் (கேமரா படக் கோப்புக்குள் பதியும் குறிப்புகள்) உதிர்ந்துவிடும். வெளிப் பிரதிக்கு இந்தச் சுருக்கம் நல்லதுதான். சிக்கல், "டாக்குமென்ட்டா அனுப்புங்க, குவாலிட்டி குறையாது" என்று யாராவது சொல்லும்போது தொடங்குகிறது. டாக்குமென்ட்டாகப் போகும் கோப்பில் எடுத்த நேரம், போன் மாடல், வீட்டு வாசல் வரைக்கும் காட்டும் ஜிபிஎஸ் எல்லாம் அப்படியே போகும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிடலாம், ஆனால் பத்து வருடம் கழித்து "இது எந்த ஊர்ல எடுத்தது?" என்று தேட வீட்டுப் பிரதியில் அது இருப்பது நல்லது. ஐபோனில் ஷேர் செய்யும்போது மேலே வரும் ஆப்ஷன்ஸில் லொகேஷனை மட்டும் அணைக்கலாம். அதே இடத்தில் "ஆல் போட்டோஸ் டேட்டா" என்று ஒன்று உண்டு. அதை இயக்கி ஏர்டிராப்பில் அனுப்பினால் திருத்த வரலாறும் சேர்ந்து போகும். நீங்கள் வெட்டிய ஓரத்தையும் மறைத்த முகத்தையும் பெறுபவர் ரிவர்ட் செய்து, அதாவது திருத்தத்தை நீக்கி, பார்த்துவிடலாம்.

மறையும் செய்திகளை 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என எப்படி வைத்தாலும், ஆட்டோ டவுன்லோடு ஆன ஒவ்வொரு போனிலும் படம் காலரியில் தங்கிவிடலாம். அந்த போனில் வாட்ஸ்அப் ஃபோல்டரும் பேக்கப் ஆகிக்கொண்டிருந்தால், இருபது பேர் குரூப்பில் ஒரு படம் இருபது கிளவுட் கணக்குகளில் ஏறலாம். 2025-இல் வந்த அட்வான்ஸ்டு சாட் பிரைவசி, மீடியா தானாகக் காலரிக்குப் போவதையும் சாட்டை எக்ஸ்போர்ட் செய்வதையும் தடுக்கிறது. குரூப் தகவல் பக்கத்தில் இயக்கிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது.

ஸ்டேட்டஸுக்கு "மை கான்டாக்ட்ஸ்" என்பது பாதுகாப்பு போலத் தெரியும். கேஸ் சிலிண்டர் போடுபவர், ஒருமுறை வந்த பிளம்பர், பழைய வீட்டுத் தரகர் எல்லோரும் உங்கள் கான்டாக்ட்ஸில்தான் இருக்கிறார்கள். "ஒன்லி ஷேர் வித்" தேர்ந்து பெயர்களைக் குறித்துவிட்டால் அடுத்த ஸ்டேட்டஸுக்கும் அதே பட்டியல் நிற்கும். டிபியில் குழந்தை முகம் வேண்டாம்.

கூகுள் போட்டோஸ் ஷேர்டு ஆல்பம் பெரியவர்களுக்குப் பழக எளிது; நீண்ட நாளில் கழுத்தறுப்பதும் அதுதான். லிங்க் ஷேரிங் இயங்கும்வரை, லிங்க் கையில் இருக்கும் யாரும் பார்க்கலாம். முதல் பிறந்தநாளுக்கு உருவாக்கிய ஆல்பத்தில் மூன்றாம் வகுப்புப் படங்கள் வரை சேர்ந்துகொண்டே போகும். பழைய லிங்க் எந்த குரூப்பில் கிடக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. வருடத்துக்கு ஓர் ஆல்பம் போதும். வருடம் முடிந்ததும் லிங்க் ஷேரிங்கை அணையுங்கள். பழைய லிங்க் செத்துவிடும். ஏற்கெனவே தங்கள் கணக்கால் ஆல்பத்தில் சேர்ந்திருப்பவர்கள் மட்டும் தொடர்வார்கள். ஆல்பத்தின் ஆப்ஷன்ஸில் போட்டோ லொகேஷன் பகிர்வையும் அணைக்க வேண்டும். ஏற்கெனவே தங்கள் கணக்கில் சேமித்துக்கொண்டவர்களிடமிருந்து எதையும் திரும்ப எடுக்க முடியாது.

ஆட்டோ பேக்கப் உள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். டாக்டரிடம் காட்டுவதற்காகக் குழந்தையின் அந்தரங்க உறுப்பைப் படம் எடுத்த அமெரிக்கத் தந்தை ஒருவரின் கணக்கைத் தானியங்கிச் சோதனை சந்தேகத்துக்குரியதெனக் குறிக்க, கூகுள் முடக்கியது. போலீஸ் குற்றமில்லை என்ற பிறகும் கணக்கு திரும்பவில்லை என்ற செய்தி 2022-இல் வெளியானது. இத்தகைய படங்களைக் கூடியவரை எடுக்காமல் நேரில் காட்டுவதே மேல். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பேக்கப்பை நிறுத்தி எடுத்து, வேலை முடிந்ததும் ட்ராஷ் வரை அழியுங்கள்.

என்டே முழுக்க எண்டு டு எண்டு குறியாக்கம் கொண்டது; நீங்களும் நீங்கள் பகிர்ந்தவர்களும் தவிர நிறுவனம்கூடப் படத்தைப் பார்க்க முடியாது. முகங்களைப் பிரித்து அடுக்குவதும் போனுக்குள்ளேயே நடக்கிறது. ஆல்பம் லிங்க்குக்குக் கடவுச்சொல், காலாவதித் தேதி, எத்தனை கருவிகளில் திறக்கலாம் என்ற வரம்பு, டவுன்லோடு தடை எல்லாம் வைக்கலாம். லிங்க் பிரவுசரிலேயே திறப்பதால் பாட்டி எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. குறை, சொந்தங்களின் பொறுமையில் இருக்கிறது: காலாவதியை 30 நாள் வைத்தால் 31-ஆம் நாள் போன் வரும். 24 சொல் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். கடவுச்சொல்லும் சாவியும் இரண்டும் தொலைந்தால் நிறுவனத்தாலும் படங்களைத் திறக்க முடியாது. மூன்றில் வீட்டுப் பிரதிக்கு இதுவே பொருத்தம். சொந்தமாக சர்வர் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, அதில் நிறுவிக்கொள்ளும் படச் சேமிப்பு மென்பொருளான இம்மிச் உண்டு. ஆனால் பேக்கப் எடுக்கும் பொறுப்பும் உங்களுடையது.

எடுக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். கோலம் போடும் கை, மணலில் பதிந்த கால், தோளுக்குப் பின்னாலிருந்து கடலைப் பார்க்கும் தலை ஆகியவை சொந்தத்துக்குப் போதும், முகம் அடையாளம் காணும் மென்பொருளுக்குப் போதாது. ஜன்னல் முன்னால் நிழலுருவம் வேண்டுமானால் போனில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, பிரகாச அளவை இறக்குங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை மைனஸ் 2 அளவில் தொடங்குங்கள். ஊஞ்சல் படத்துக்கு ஷட்டர் வேகத்தை 1/15 நொடி வைத்தால் முகம் தானாகக் கலைந்துவிடும், அழகும் கூடும். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி மங்கலானதை நம்பி விட்டுவிடாதீர்கள். சீருடை பேட்ஜ், வேனில் எழுதிய பள்ளிப் பெயர், வண்டி நம்பர் அதிலும் படிக்கும்படி இருக்கலாம்.

முகத்தை மறைக்க, ஒளி ஊடுருவாத ஸ்டிக்கரே சரி. மெல்லிய பிளர் வெறும் கண் துடைப்பு. ஹைலைட்டரால் பெயரைப் பூசினால் பிரகாசத்தை ஏற்றி எழுத்தைப் படித்துவிடலாம். வெட்டினாலும் கவனம் தேவை: பிக்சல் போன்களின் மார்க்கப் கருவியில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து வெட்டுப்பட்ட பகுதியை மீட்க முடிந்த கோளாறு 2023 மார்ச்சில்தான் சரிசெய்யப்பட்டது. அதற்கு முன் வெட்டி அனுப்பியவை அப்படியேதான் கிடக்கின்றன. லைவ், மோஷன் படங்களில் அசையும் வீடியோத் துண்டும் உண்டு. மூலக் கோப்பு போனால் குரலும் போகலாம். அவசரத்துக்கு எளிய வழி, ஸ்டிக்கர் ஒட்டிய படத்தைத் திரையில் விரித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புவது. மூலப் படத்தின் ஜிபிஎஸ், வீடியோ, திருத்த வரலாறு எதுவும் அதில் வராது.

ஸ்டூடியோவிடம் பேசாமல் விட்டால் இத்தனையும் வீண். காதுகுத்துக்கு வந்தவர் மறுநாளே டீசர் ரீல் போட்டுவிடுவார். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. வீட்டுத் தேவைக்குத் தனிநபர் கையாளும் தரவு அதில் வராது. தொழிலாக எடுக்கும் ஸ்டூடியோ அந்த விலக்கைக் கேட்க முடியாது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டாலும் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருப்பதால், அட்வான்ஸ் கொடுக்கும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: முகம் தெரியும் படம் எந்தப் பக்கத்திலும் போடக் கூடாது, பென் டிரைவில் தர வேண்டும், தந்த 60 நாளில் ராவ் கோப்புகள் (கேமராவின் மூலக் கோப்புகள்) உட்பட அழிக்க வேண்டும், உதவியாளர் தன் போனில் எடுக்கக் கூடாது. மஞ்சள் நீராட்டுக்கு ஃபிளக்ஸ் வைத்தே தீருவோம் என்று வீட்டில் நின்றால், பெண்ணின் படத்துக்குப் பதில் குத்துவிளக்கு படமும் வீட்டுப் பெயரும் போதும். ஃபிளக்ஸ் கடைக்கு அனுப்பிய மூலப்படமும் அவர்கள் கம்ப்யூட்டரில் கிடக்கும். பேனரை வாங்கும்போதே எதிரில் நின்று அழிக்கச் சொல்லுங்கள்.